ஆச்சியின் லிஸ்ட்!

தமிழ்நாட்டில் எந்த விழாவுக்குப் போனாலும் பாவப்பட்ட ஜீவன் ஒன்று இருக்கும். நன்றியுரை சொல்பவர்! தலைவர் பேசி, சிறப்பு விருந்தினர் பேசி, 'இரண்டே நிமிடம்' என்று மைக்கைப் பிடித்தவர் இருபது நிமிடம் பேசி முடித்த பிறகு, இவர் ஒரு துண்டுச் சீட்டுடன் எழுந்து வருவார். அதே விநாடி கூட்டமும் எழுந்துவிடும். 'பந்தல் அமைத்துக் கொடுத்த...' என்னும்போது முன்வரிசை காலி. 'ஒலி, ஒளி அமைத்துத் தந்த...' என்னும்போது கேட்க மிஞ்சியிருப்பவர் ஒலி, ஒளி அமைத்தவர் மட்டும்தான். அவரும் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருப்பார்.

ஆபீஸில் இதைவிட மோசம். 'தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்' என்பதை ஈ-மெயிலின் அடியில் நிரந்தரமாக ஒட்டிவைத்துவிட்டோம். 'உங்கள் லீவு நிராகரிக்கப்பட்டது' என்ற மெயிலுக்குக் கீழேயும் அதே தேங்க்ஸ், அதே ரிகார்ட்ஸ். வாட்ஸ்ஆப் வந்தபிறகு அந்தச் சிரமமும் போச்சு. கை கூப்பின பொம்மை ஒன்று. முடிந்தது ஜோலி.

எனக்குத் தெரிந்து, நன்றி சொல்வதை முழு நேர உத்தியோகமாகச் செய்பவர் ஒரே ஒருவர்தான். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி. வயது 84. ஊர், நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நடுவே. செந்தூர் எக்ஸ்பிரஸில் நாசரேத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்தால் சிவப்பு மணலும் பனைமரமுமாக வரும். மொட்டை மாடியில் ஏறினால் மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடி கோபுரம் தெரியும்.

'கோயில்' என்றது சர்ச்சைத்தான். எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்களின் அகராதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வராது. சர்ச் என்றால் கோயில். பாதிரியார் என்றால் ஐயர். அவருக்கு அடுத்தபடி உபதேசியார். 'லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன், ஐயர் வீட்டில் மட்டன் குழம்பு பிரமாதம்' என்று நான் சொன்னபோது, பக்கத்து சீட்டு மாம்பலம் நண்பர் அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

இன்னொரு வார்த்தை, ஸ்தோத்திரம். வாழ்த்து, வணக்கம், நன்றி மூன்றுக்கும் ஒரே வார்த்தை. பெரியவர்களின் வாயில் அது 'தோஸ்திரம்' ஆகிவிடும். வீட்டில் ஒரு நல்லது நடந்தால், கவரில் பணம் போட்டு, என்ன காரணம் என்று சீட்டு எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். அதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை என்று பெயர். ஞாயிறு ஆராதனையில் அந்தச் சீட்டை வாசிப்பார்கள். 'மகளுக்குக் குழந்தை பிறந்ததற்காக', 'புது பைக் வாங்கியதற்காக', 'பைக்கில் இருந்து விழுந்தும் உயிர் பிழைத்ததற்காக...' ஊர்ச் செய்திகள் அத்தனையும் அந்த ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ரிமோட் இல்லாத சேனல்!

மற்றவர்களின் சீட்டு ஒரு வரி. ஆச்சியின் சீட்டு, ரூல் போட்ட நோட்டில் இரண்டு பக்கம்.

* * *

வருஷா வருஷம் பிறந்தநாளுக்கு ஆச்சி லிஸ்ட் கொடுப்பார். ஐட்டத்துக்குப் பத்து ரூபாய். இந்த வருஷம் 27 ஐட்டம். மேலே ஒரு ரூபாய் வைத்து 271. மாதிரிக்குச் சில:

'கண் ஆபரேஷன் பண்ணும்போது, பயப்படாதீங்க பாட்டின்னு கையைப் பிடிச்சிக்கிட்ட நர்சுப் பிள்ளைக்காக.'

'கேஸ் சிலிண்டரை வாசலில் உருட்டிவிட்டுப் போகாமல், அடுக்களை வரை தூக்கி வைக்கும் பையனுக்காக.'

'நான் இறங்கி நாலு எட்டு நடக்கும்வரை விசில் கொடுக்காத கண்டக்டருக்காக.' (2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். டிக்கெட்டுக்கும் காசில்லை, பொறுமைக்கும் காசில்லை என்றால் எப்படி, அதனால் பத்து ரூபாயைக் கோயிலில் கட்டிவிடுகிறார்.)

'சின்ன மருமகள் என்னோடு சண்டை போட்டாலும் மறுநாள் காலையிலேயே காப்பி கொண்டுவந்து பேசியதற்காக.'

இந்தக் கடைசி ஐட்டம் சபை முழுக்க வாசிக்கப்பட்டபோது, சின்ன மருமகளான என் சித்தியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நன்றி சொன்னதால் கோபிக்கவும் முடியாது. சண்டை போட்டது ஊருக்குத் தெரிந்துவிட்டதால் சிரிக்கவும் முடியாது. நன்றியை ஆயுதமாகவும் பயன்படுத்தலாம் என்பதை ஆச்சியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

உபதேசியார் பாவம், நல்ல மனுஷர். ஒருதரம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

"ஆச்சி, லிஸ்ட் கொஞ்சம் நீளமாருக்கு. மொத்தமா 'கர்த்தர் செய்த சகல நன்மைகளுக்காகவும்'னு போட்டுருவமா?"

"மளிகைக் கடையில 'சகல சாமான்களும் ஒரு கிலோ'ன்னு சீட்டு குடுத்தா சாமான் குடுப்பானாவே?"

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துவிடுகிறார்.

பைபிளில் ஒரு கதை உண்டு. லூக்காவின் 17-ம் அதிகாரம். பத்துக் குஷ்டரோகிகளை இயேசு குணப்படுத்துகிறார். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருத்தன்தான். அவனும் யூதர்கள் மதிக்காத சமாரியன். இதைப் பற்றி ஐயர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஆச்சி அதைச் சுருக்கிவிட்டார்: "பத்துல ஒருத்தன். அவனும் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரப் பயலுவ எப்பவும் அப்படித்தாம்ல!"

* * *

எங்கள் பக்கத்தில் நன்றி என்பது வாயோடு நிற்கிற சமாசாரம் இல்லை. கோழி, பூசணி, கருப்பட்டி, வாழைத்தார் என்று உருவம் எடுத்து வரும். வீட்டில் முதலில் காய்த்தது, முதலில் ஈன்றது கோயிலுக்கு. ஸ்தோத்திரப் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம்.

அந்த ஏலத்தைப் பார்த்தால் நம் பொருளாதார நிபுணர்களுக்கு மயக்கம் வரும். கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பூசணிக்காய் நானூறுக்குப் போகும். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தால் நீங்கள் வெளியூர். 'திருப்பி ஏலத்துல விடுங்க' என்பார். மறுபடி முந்நூறு. மூன்று தடவை விற்று, ஆயிரம் ரூபாய் சம்பாதித்த பிறகுதான் அந்தப் பூசணிக்கு ரிட்டயர்மென்ட்!

ஆச்சி வீட்டுப் பூசணிக்குப் பரம்பரை வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. எதிர்வீட்டு ஆச்சி. அவர் கோயிலுக்கு வருகிறவர் இல்லை, அம்மன் கோயில்காரர். காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டு, பேரனை உள்ளே அனுப்பி ஏலம் கேட்பார். எவ்வளவு ஏறினாலும் விடமாட்டார். பதிலுக்கு, அம்மன் கோயில் கொடை வந்தால் எதிர்வீட்டுப் பொங்கலுக்கு எங்கள் ஆச்சியின் அடுக்களையிலிருந்துதான் கருப்பட்டி போகும். இரண்டு பேருக்குமாக அறுபது வருஷப் பழக்கம். மத நல்லிணக்கம் என்ற வார்த்தையை இரண்டு பேரும் கேள்விப்பட்டதில்லை.

பண்டிகையின் உச்சம் அசனம். அசனம் என்றால் சாப்பாடு, அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் அந்தச் சாப்பாடு இருக்கிறதே... முதல் நாள் ராத்திரியே காய் நறுக்குவதற்குப் பெண்கள் கூட்டம் உட்கார்ந்துவிடும். ஆளுயரக் கரண்டிகளோடு ஆண்கள் அண்டாக்களைச் சுற்றி நிற்பார்கள். விடியும்போது சோறு ஓலைப் பாயில் மலை மாதிரி குவிந்திருக்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லீவு போட்டு வந்தவன், ஊரை விட்டே போகாதவன், இந்தச் சாமி, அந்தச் சாமி எல்லோரும் ஒரே பந்தி. எதிர்வீட்டு ஆச்சி இங்கே காம்பவுண்டுக்குள் வந்துவிடுவார். பூசணிக்கு வெளியே நிற்கலாம், சோற்றுக்கு நிற்க முடியுமா?

* * *

எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போய்விடுகிற தூரத்தில் சாயர்புரம் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடம் நடத்திய ஜி.யு.போப்தான் பிற்பாடு 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். திருக்குறளில் 11-வது அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு நாம் அதை மறந்துவிட்டோம். ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? அந்தத் தலைப்பில் 'நன்றி' என்பதற்கு அர்த்தம் தேங்க்ஸ் அல்ல. ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அந்த நன்மையை 'அறிதல்'தான் நம்முடைய வேலை. யார், எப்போது, என்ன செய்தார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். சொல்வது அப்புறம்.

ஆச்சி அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவர். அந்த இரண்டு பக்க ரூல் நோட்டில் அவர் செய்வது இதைத்தான்.

சரி, எல்லாம் நல்லதாகவே நடக்கிறவர்களுக்கு இது சுலபம் என்று சிலர் நினைக்கலாம். நானும் கேட்க நினைத்ததுண்டு. 2023-ல் அதற்குப் பதில் கிடைத்தது.

அந்த வருஷ ஆரம்பத்தில் உலகம் பூரா ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்பு. நான் இருந்த கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை பதினைந்து நிமிட மீட்டிங். முடிந்ததும் மெயில். கடைசி வரி என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அம்மாவிடம் சொன்னால் அழுவார். அப்பாவிடம் சொன்னால் குறுக்கு விசாரணை. ஆச்சிக்குப் போன் போட்டேன்.

"ஆச்சி, வேலை போச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சாப்பிட்டியால?"

"இல்ல."

"மொதல்ல சாப்பிடு. சாப்பிட்டுட்டுப் போன் பண்ணு."

சாப்பிட்டேன். பண்ணினேன். அரை மணி நேரம் பேசினோம், வேலையைத் தவிர எல்லாவற்றையும் பற்றி.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஆச்சி கவர் கொடுத்திருக்கிறார். சீட்டில் ஒரே வரி: 'பேரனுக்கு வேலை போனதற்காக.' உபதேசியார் பார்த்தார். வயசான காலம், கை தவறி எழுதிவிட்டது என்று, நல்லெண்ணத்தோடு திருத்தி வாசித்துவிட்டார்: 'பேரனுக்கு வேலை கிடைத்ததற்காக!'

மதியத்துக்குள் என் போன் சூடாகிவிட்டது.

"எலேய், புது வேலையாமே! சம்பளம் எவ்வளவு கூட?" இது பெரியப்பா.

"நல்ல கம்பெனியா தம்பி? கேன்டீன் உண்டா?" இது நாசரேத் அத்தை.

தூரத்து மாமா ஒருவர், தன் பையனின் பயோடேட்டாவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, 'உன் கம்பெனியில் சொல்லி வை' என்றிருந்தார். வேலை போன மூன்றாம் நாளில் என்னிடம் சிபாரிசுக்கு ஆள் வந்துவிட்டது! சாயங்காலம் இரண்டு பெண் வீட்டார் போட்டோ அனுப்பினார்கள். வேலை இருந்தபோது ஒருத்தரும் சீந்தவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஆச்சிக்குப் போன் செய்தேன். "என்ன ஆச்சி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நான் போனதுக்குன்னுதாம்ல எழுதுனேன். அந்த உபதேசியாரு என்னைத் திருத்துதாராம், என்னை!"

"வேலை போனதுக்கு யாராவது ஸ்தோத்திரம் சொல்லுவாங்களா?"

அப்போதுதான் ஆச்சி, அப்பாவுக்கே தெரியாத அந்தக் கதையைச் சொன்னார்.

* * *

தாத்தா தூத்துக்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினார். வாடகை வீடு. மூன்று பிள்ளைகள், என் அப்பா கைக்குழந்தை. ஒருநாள் கடையில் கணக்குப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தாத்தா வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் எட்டு மணிக்குச் சட்டை மாட்டி, டிபன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார். அதற்கு மறுநாளும். இப்படி ஒரு மாசத்துக்கு மேல்.

"எப்படி ஆச்சி கண்டுபிடிச்சீங்க?"

"வேட்டியத் தொவைக்கும்போது மடிப்புல மணலாக் கொட்டிச்சு. கணக்கெழுதுத எடத்துல கடல் மணல் எப்பிடிய்யா வரும்? பகல் பூரா கடக்கரையில போயி உக்காந்துருக்காவ. கொண்டுபோன சோத்தத் தின்னாவளோ, காக்காய்க்குப் போட்டாவளோ, கேக்க மனசு வரல."

ஆச்சி அதைப் பற்றித் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்பட்ட முதல் ஆளிடம், கோயில் பெண்கள் சங்கத்து அம்மா ஒருவரிடம், சொல்லி அழுதிருக்கிறார். மறுநாள் வாசலில் ஒரு கடகப் பெட்டி அரிசி இருந்தது. கைப்பிடி அரிசி.

கைப்பிடி அரிசி என்பது பழைய ஏற்பாடு. சோறு வடிக்க அரிசி அளக்கும்போது, ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வாரம் ஒருதரம் சங்கத்தார் வாங்கிப் போவார்கள். விற்ற பணம் ஊழியத்துக்கோ, கஷ்டப்பட்ட வீட்டுக்கோ போகும். மிசோரத்தில் இதே வழக்கத்துக்கு 'புஹ்ஃபாய் தாம்' என்று பெயர். 1910-ல் ஆரம்பித்து இன்றும் நடக்கிறது.

"நான் போட்ட அரிசியும் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துருக்கும்லா? எங்கையால போட்டது எவ்வீட்டுக்கே வந்துச்சு" என்றார் ஆச்சி.

தாத்தாவுக்கு அந்தச் சங்கத்து அம்மாவின் வீட்டுக்காரர்தான் இன்னொரு கடையில் வேலை பார்த்துக் கொடுத்தாராம். வேலை கிடைத்த அன்றைக்குத் தாத்தா சொன்னது, 'பழைய கடை சரியில்ல, மாறிட்டேன்.' ஆச்சி சொன்னது, 'நல்லது.' இருவரும் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசியதே இல்லை. தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது.

"எங்கிட்டச் சொல்ல முடியாம அந்த மனுஷன் கடக்கரையில உக்காந்துருந்தாவ பாத்தியா, அத நெனச்சா எனக்கு இன்னைக்கும் சோறு எறங்காது. நீ அன்னைக்கே போன் போட்டுச் சொன்னியே. அதுக்குத்தாம்ல காணிக்க போட்டேன். வேல போனதுக்கா போட்டேன்? போயிருச்சுன்னு சொன்னதுக்குப் போட்டேன்."

எனக்கு அடுத்த வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. ஆச்சி மறுபடி கவர் கொடுத்தார். இந்தத் தடவை உபதேசியார் ஜாக்கிரதையாக எனக்கே போன் செய்து விசாரித்தார்: "தம்பி, நெசமாவே கிடைச்சிருக்கா, இல்ல போயிருக்கா?"

* * *

ஆபீஸ் போகிற என் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை போனாலும், டார்கெட் போனாலும், யாரிடமாவது சொல்லித் தொலையுங்கள். சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்றால், உங்கள் லிஸ்டில் முதல் நம்பர் அவர்தான்.

ஆச்சியைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்று அப்பா பல வருஷமாக மன்றாடுகிறார். லிஃப்ட் இருக்கிறது, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, நடக்கிற தூரத்தில் சர்ச். ஆச்சி அசையவில்லை. காரணம் எதிர்வீட்டு வராந்தா பல்பு. இரண்டு ஆச்சிகளுக்கும் ஓர் ஒப்பந்தம். ராத்திரி இரண்டு வீட்டு வராந்தாவிலும் விளக்கு எரியும். காலை ஆறு மணிக்கு அணைத்துவிட வேண்டும். ஆறேகால் ஆகியும் ஒரு வீட்டில் எரிந்தால், மற்றவர் போய்க் கதவைத் தட்டுவார். போன மழைக்காலத்தில் எதிர்வீட்டில் ஆறேகாலுக்கு எரிந்தது. ஆச்சி போய்ப் பார்த்தபோது அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்திருக்கிறார். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கியதால் இன்று கைத்தடியோடு நடமாடுகிறார்.

"நான் மெட்ராஸுக்கு வந்துட்டா அவ லைட்ட யாருய்யா பாப்பா?" என்ற கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை. இந்த வருஷ லிஸ்டில் 'எதிர்வீட்டு வராந்தா லைட்டுக்காக' என்று ஓர் ஐட்டம் வந்தபோது, சபையில் பாதிப் பேர் மின்வாரியத்துக்கு நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டார்களாம்.

இன்னொரு லிஸ்டும் இருக்கிறது. பீரோவில், பழைய பிஸ்கட் டின்னுக்குள். அது ஆச்சியின் அடக்க ஆராதனையில் வாசிப்பதற்காக. பெட்டி தூக்குகிறவர்களுக்கு டீ, வடை என்பது வரை அதில் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை திருத்திய பதிப்பு வெளிவரும். சிலர் மேலே ஏறுவார்கள், சிலர் இறங்குவார்கள். சித்தி ஏறியிருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரத் தகவல்.

"அதுல நான் எத்தனாவது ஆச்சி?" என்று போன மாதம் கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ போன் பண்ணுதத நிறுத்திருவே."